பள்ளிக்கூடத்தைப் பார்த்து வீடு வாங்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், சங்கத்தின் முன்னாள் பொருளாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வங்கியில் 37 ஆண்டுகள் பணியாற்றி 2024-இல் ஓய்வு பெற்றவர். கடைசிப் 11 ஆண்டுகள் வீட்டுக் கடன் பிரிவில் இருந்தவர். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)

 

போன மாதம் மழைநீர் வடிகால் விஷயமாகக் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனோம். அப்போது மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரு தம்பி என்னை நிறுத்தினார். அவருக்கு 29 வயது இருக்கும். இரண்டு பேருக்கும் ஐ.டி. வேலை, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. "ஆன்ட்டி, நீங்க பேங்க்ல லோன் பார்த்தவங்க. ஒரு நல்ல ஸ்கூல் பக்கத்துல ஃபிளாட் பார்த்திருக்கோம். இருபத்தஞ்சு லட்சம் அதிகம்தான். பாப்பாவுக்காக வாங்கிடலாமா?" என்று கேட்டார். வாசலில் நின்று பதில் சொல்லும் கேள்வி இல்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதே வாரத்தில் இன்னும் இரண்டு பேர் இதையே கேட்டார்கள். தனித்தனியாகச் சொல்வதைவிடக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள் என்றார் செயலாளர். அப்படித்தான் இங்கே நிற்கிறேன்.

முதலில் என் கதை. அறிவுரை சொல்பவர் தான் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் பேசக்கூடாது.

நாங்கள் வாங்கிய கதை

1993-இல் இங்கே மனை வாங்கினோம். எனக்கு 29 வயது. வீட்டுக்காரருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. மகளுக்கு ஒரு வயது. அன்று இந்த இடத்தில் தெரு கிடையாது, நட்ட கல்தான் இருந்தது. வேளச்சேரியைத் தாண்டினால் ஊர் முடிந்தது என்று நினைத்த காலம். பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்ததே 2007-இல்தான். கையில் இருந்த பணத்துக்கு இதுதான் கிடைத்தது. வங்கி ஊழியர் கடன் எனக்குச் சலுகை வட்டியில் கிடைத்ததால் 1995-இல் கீழ்த்தளம் கட்டிக் குடி வந்தோம்.

மனை வாங்கும்போது நாங்கள் பார்த்தது பட்டா, வில்லங்கச் சான்று, தண்ணீர், விலை. பள்ளிக்கூடம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகளுக்கு ஒரு வயதுதானே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

1996-இல் எல்.கே.ஜி. சேர்க்கும்போதுதான் விழித்துக்கொண்டோம். அக்கம்பக்கத்தில் எங்களுக்குப் பிடித்த பள்ளி இல்லை. பிடித்தது என்று சொல்வதைவிட, பெயர் பெற்ற பள்ளி இல்லை என்று சொல்வதே உண்மை. நகருக்குள் பெயர் பெற்ற ஒரு பள்ளியில் இடம் கிடைத்ததும் தெருவெல்லாம் சாக்லேட் கொடுத்தேன். அடுத்த ஏழு வருஷம் மகள் காலையில் 6.50-க்கு வேன் ஏறினாள், சாயங்காலம் ஐந்தே காலுக்கு இறங்கினாள். பாதி நாள் தூங்கிக்கொண்டே இறங்குவாள். வேன் ஓட்டுநர் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொடுப்பார். வீட்டுப்பாடம் எழுதும்போது பென்சிலோடு தூங்கிவிடுவாள். நான் அவளைத் திட்டியிருக்கிறேன். இன்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் அவள் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். "உங்க பொண்ணு மக்கு இல்லைம்மா, களைச்சுப் போயிருக்கா" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். 2003-இல் ஆறாம் வகுப்புக்கு இங்கேயே, சைக்கிளில் பத்து நிமிஷத்தில் போகக்கூடிய ஒரு சாதாரணப் பள்ளியில் சேர்த்தோம். உறவுக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் பிள்ளை மூன்று மாதத்தில் மாறிப்போனாள். நாலரை மணிக்கு வீட்டில் இருப்பாள். சாப்பிட்டுவிட்டு இதே தெருவில் விளையாடுவாள். ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுவாள்.

இதைக் கேட்டு "அப்போ பள்ளிக்கூடம் முக்கியம் இல்லை, தூரம்தான் முக்கியம்" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அந்தப் பழைய பள்ளி நல்ல பள்ளிதான், குறை எங்கள் திட்டத்தில் இருந்தது. வீட்டையும் பள்ளியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தோம். நடுவில் இருந்த சாலையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பக்கத்தில் வாங்கினால் இடம் கிடைத்துவிடுமா?

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் வீடு வாங்கும்போது "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்" என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே பல இடங்களில் வீட்டு முகவரிதான் எந்த அரசுப் பள்ளி என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, அந்தப் பக்கம் வேறு பள்ளி. 1999-இல் சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அந்தக் கோட்டின் இரு பக்கமும் இருந்த வீடுகளின் விலையை ஒப்பிட்டார். பள்ளியின் தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் அதிகம் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்று கண்டார். அங்கே அந்த அதிகப் பணத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது, வீட்டோடு பள்ளியில் உரிமையும் வருகிறது.

நம் ஊரில் அப்படி வருவதில்லை. தனியார் பள்ளி வாசலுக்கு எதிரே வீடு வாங்கினாலும் அந்தப் பள்ளி உங்கள் குழந்தைக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பொதுவான சட்டம் எதுவும் இல்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் தூரம் பற்றிய பேச்சு உண்டு. சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு உரியது. நம் மாநிலத்தில் அதற்கு வீடு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நலிந்த பிரிவு என்றால் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக் கடன் வாங்கும் நமக்கு அது பொருந்தாது. நம் தெருக் காவலாளி வீட்டுக் குழந்தைக்குப் பொருந்தும். அதை அவருக்குச் சொல்ல வேண்டியது நம் வேலை. கேந்திரிய வித்யாலயாவில் மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முதல் முன்னுரிமை. பக்கத்தில் வீடு இருக்கிறது என்பதற்காக மற்றவர்களுக்கு இடம் உறுதியாகிவிடாது.

கடன் பிரிவில் இருந்தபோது ஒரு தம்பதி வந்தார்கள். பெயர் பெற்ற ஒரு பள்ளியின் சுற்றுச்சுவரை ஒட்டி ஃபிளாட். பால்கனியில் நின்றால் பிரேயர் கேட்கும் என்று பெருமையாகச் சொன்னார்கள். தாங்கும் அளவின் விளிம்பு வரை கடன் போட்டுக் கொடுத்தோம். மூன்று வருஷம் கழித்து வட்டி மாற்றத்துக்காக வந்தபோது குழந்தை எங்கே படிக்கிறாள் என்று கேட்டேன். இடம் கிடைக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு பள்ளிக்கு வேனில் போகிறாள். "தினமும் காலையில அந்த பிரேயர் காதுல விழுறப்ப எரிச்சலா வருது மேடம்" என்றார் அந்தப் பெண்.

ஆகவே முதல் விதி, தனியார் பள்ளி ஒன்றை மட்டும் நம்பி வீடு வாங்காதீர்கள். "ஸ்கூல் பக்கத்தில்" என்று விளம்பரத்தில் போட்டு பில்டர் விற்பது தூரத்தைத்தான். அட்மிஷன் அவர் கையில் இல்லை. மனைப்பிரிவு வரைபடத்தில் "பள்ளிக்கான இடம்" என்று போட்டிருந்தால் அது இடம் மட்டும்தான். கட்டடம் எப்போது வரும், யார் நடத்துவார்கள் என்பதை அந்த வரைபடம் சொல்லாது.

பணக் கணக்கு

தம்பி கேட்ட கேள்வியையே கணக்காகப் போடுவோம். பள்ளிக்கு அருகில் இருக்கும் பழைய ஃபிளாட் 90 லட்சம். ஒன்பது பத்து கிலோமீட்டர் தள்ளி அதே அளவு ஃபிளாட் 65 லட்சம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,30,000 என்று வைத்துக்கொள்வோம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம். 90 லட்சத்துக்கு 72 லட்சம் கடன், 18 லட்சம் கைப்பணம். இதோடு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 8 லட்சத்து 10 ஆயிரம். இந்தச் செலவைச் சொத்து மதிப்பில் சேர்த்துக் கடன் தரமாட்டார்கள். இளைஞர்கள் பலர் இடறி விழும் இடம் இதுதான். மொத்தம் 26 லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும். 65 லட்ச வீட்டுக்கு 52 லட்சம் கடன், கைப்பணம் 13 லட்சம், பதிவுக்கு 5 லட்சத்து 85 ஆயிரம், மொத்தம் 19 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய் வரும். முதல் வீட்டுக்கு இ.எம்.ஐ. சுமார் 62,500. இரண்டாவதுக்கு 45,100. முதலாவது சம்பளத்தில் 48 சதவீதம், இரண்டாவது 35 சதவீதம்.

மாதம் 17,400 ரூபாய் வித்தியாசம். வேன் கட்டணம் மாதம் 4,000 என்று வைத்தாலும் பண விஷயத்தில் தூரத்து வீடுதான் ஜெயிக்கிறது. ஆனால் பள்ளிக் கட்டணத்தை மறந்துவிட்டோம். 62,500 கட்டிவிட்டு மீதி 67,500-இல் வீட்டுச் செலவு, அப்பா அம்மாவுக்கு அனுப்புவது, கார் கடன், இவ்வளவும் போக அந்தப் பெரிய பள்ளியின் கட்டணத்தையும் கட்ட வேண்டும். பள்ளிக்காக வீடு வாங்கிவிட்டு, கட்டணத்துக்காக நகையைக் கொண்டுவந்தவர்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஆறேழு வருஷமே ஆனவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று. இரண்டு சம்பளத்தில் ஒன்று ஒரு வருஷம் நின்றுபோனால் இ.எம்.ஐ. கட்ட முடியுமா? வேலை போவது மட்டும் காரணமாக இருக்காது. இரண்டாவது குழந்தை பிறக்கலாம், மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகலாம், கம்பெனி பெங்களூருக்கு மாற்றலாம். அந்த வருஷத்தைத் தாங்கும் சேமிப்பு இல்லாத கடன், எவ்வளவு நல்ல பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தாலும், குழந்தைக்கு நல்லதில்லை. ராத்திரி அப்பாவும் அம்மாவும் பணத்துக்குச் சண்டை போடும் வீட்டில் எந்தப் பாடமும் ஏறாது.

இன்னொன்று. மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது. சின்னக் கடனாக ஆரம்பித்து, சம்பளம் கூடக்கூட அசலைக் குறைத்துக்கொண்டே போகலாம். பெரிய கடனாக ஆரம்பித்தால் பின்னால் சுருக்குவது கஷ்டம்.

நேரக் கணக்கு

பணத்தில் தூரத்து வீடு ஜெயித்தது. இப்போது குழந்தையின் கணக்கைப் போடுவோம்.

பக்கத்து வீட்டிலிருந்து பள்ளிக்கு 25 நிமிஷம், தூரத்து வீட்டிலிருந்து 75 நிமிஷம் என்று வையுங்கள். போக வர நாளுக்கு 100 நிமிஷம் அதிகம். வருஷத்தில் 200 பள்ளி நாள் என்றால் 20,000 நிமிஷம், அதாவது 333 மணி நேரம். குழந்தை விழித்திருப்பது நாளுக்கு 14 மணி நேரம் என்றால் வருஷத்தில் கிட்டத்தட்ட 24 முழு நாள் வேனில் போகிறது. என் மகளிடம் நான் அப்படி ஏழு வருஷம் எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் போனில் அவளிடம் இந்தப் பேச்சைப் பற்றிச் சொன்னேன். இப்போது அவளுக்கு 33 வயது. "அந்த ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தது பாதி மறந்துபோச்சும்மா. வேன் ஜன்னல் கம்பிதான் ஞாபகம் இருக்கு" என்றாள்.

நம் சாலைகள் நிலைமை உங்களுக்குத் தெரியும். மெட்ரோ வேலை முடியும் வரை மேடவாக்கம் பக்கம் காலையில் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள். பள்ளி திறந்திருக்கும் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரைக்கு அந்த வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை வண்டியில் போய்ப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை நாளில் இன்னொரு முறை போங்கள். 2015 டிசம்பரில் பள்ளிக்கரணையைச் சுற்றி எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அங்கே இருக்கும் பெட்டிக்கடைக்காரரைக் கேளுங்கள். ஏஜென்ட்டைக் கேட்காதீர்கள்.

எது நல்ல பள்ளி?

நல்ல பள்ளி என்று எதைச் சொல்கிறோம்? வாசலில் தொங்கும் பேனரைப் பார்த்துச் சொல்கிறோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்திவிட்டது. பேனர் நிற்கவில்லை. பேனரில் நாலு முகம் இருந்தால் அந்த வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேருக்கு டி.சி. கொடுத்து அனுப்பினார்கள் என்பதையும் விசாரியுங்கள். முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் எடுக்கும். நடுவில் இருக்கும் பிள்ளையை அந்தப் பள்ளி எப்படி நடத்துகிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய விஷயங்களும் உண்டு. மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் இணையதளத்தில் நாட்டின் பள்ளிகளைப் பற்றிய விவரம் பள்ளிவாரியாக இருக்கிறது. மாணவர் எத்தனை, ஆசிரியர் எத்தனை, வகுப்பறை, கழிப்பறை எல்லாம் தெரியும். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சி.பி.எஸ்.இ. என்று போர்டு வைத்திருந்தால் இணைப்பு எண் இருக்கிறதா, எந்த வகுப்பு வரை இணைப்பு என்று பாருங்கள். சி.பி.எஸ்.இ. பாணியில் நடத்துகிறோம் என்பது வேறு, இணைப்பு பெற்ற பள்ளி என்பது வேறு. இணைப்பு பெற்ற பள்ளிகள் கட்டணம், ஆசிரியர் விவரம், தேர்ச்சி விவரம் ஆகியவற்றைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. வெளியிடாத பள்ளியிடம் ஏன் என்று கேளுங்கள்.

நேரில் பார்க்க வேண்டியது இரண்டு. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள், ஆசிரியர்கள் அவர்களோடு எப்படிப் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது, ஆசிரியர்கள் எத்தனை வருஷமாக அங்கே வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். வருஷா வருஷம் ஆசிரியர் மாறும் பள்ளியில் நீச்சல் குளம் இருந்து என்ன பயன்?

இதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. இன்று பார்க்கும் பள்ளி, அவள் ஆறாம் வகுப்பு போகும்போது அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. முதல்வர் மாறுவார், நிர்வாகம் கைமாறும், கட்டணம் ஏறும். நான் மனை வாங்கியபோது நம் மெயின் ரோட்டில் இன்று இருக்கும் பள்ளிகளில் ஒன்றுகூட இல்லை. வீட்டுக் கடன் 20 வருஷம், ஒரு பள்ளியின் பெயர் அவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் "ஒரு பெரிய பள்ளி" இருக்கும் இடத்தைவிட, மூன்று கிலோமீட்டருக்குள் "நாலு சுமாரான நல்ல பள்ளி" இருக்கும் இடம் மேல் என்பது என் அனுபவம். ஒன்றில் கிடைக்காவிட்டால் இன்னொன்று இருக்கும். ஒன்று கெட்டுப்போனாலும் பிள்ளையை மாற்ற வீட்டை விற்க வேண்டியதில்லை.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. நம் ஆட்கள் அதைக் கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்கள். பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருப்பது. 90 லட்ச ஃபிளாட்டுக்கு மாதம் 22,000 வாடகை என்றால், இ.எம்.ஐ.யோடு பார்க்கும்போது மாதம் 40,000 மிச்சம். அதைச் செலவழிக்காமல் சேர்க்கும் ஒழுங்கு இருந்தால் நாலைந்து வருஷத்தில் பெரிய முன்பணம் கையில் இருக்கும். அதற்குள் இடம் கிடைத்ததா, பள்ளி பிடித்ததா, வேலை எந்த ஊரில் என்பதெல்லாம் தெரிந்துவிடும். வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் வாங்கிய வீடு தப்பாகிவிட்டால் விற்று வேறு வாங்க இன்னொரு முறை 9 சதவீதம் கட்ட வேண்டும். என் மகள் இப்போது அப்படித்தான் வாடகையில் இருக்கிறாள். பேரன் நடந்து பள்ளிக்குப் போகிறான். "சொந்த வீடு எப்போ?" என்று உறவுகள் கேட்கிறார்கள். நான் கேட்பதில்லை.

நம் தெருக்கோடிப் பள்ளி

கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு உட்காருகிறேன். இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

நல்ல பள்ளிக்காக 25 லட்சம் அதிகம் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நம் தெருக்கோடியில், இங்கிருந்து நானூறு மீட்டரில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி இருக்கிறது. முப்பது வருஷமாக அதன் சுவரை ஒட்டி வாக்கிங் போகிறேன். உள்ளே காலடி வைத்தது தேர்தலில் ஓட்டுப் போட மட்டும்தான். மகள் வேனில் தூங்கிய காலத்திலும் அந்தப் பள்ளியை ஒரு நாள் எட்டிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை. பார்க்காமலே வேண்டாம் என்றேன்.

போன மாதம் போனேன். தலைமை ஆசிரியை உட்கார வைத்துப் பேசினார். காலை உணவு நடக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆசிரியர்கள் முறையான பயிற்சி பெற்றவர்கள். குறைகளும் சொன்னார். மழை பெய்தால் வாசலில் தண்ணீர் நிற்கிறது. ஒரு வகுப்பறையில் மின்விசிறி இல்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காக்களின் பிள்ளைகள்தான் அங்கே படிக்கிறார்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதைச் சொல்வதால் நாளைக்கே எல்லோரும் பிள்ளையை அங்கே சேருங்கள் என்று கேட்கவில்லை. நான் செய்யாததை உங்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. ஆனால் பள்ளிகளின் பட்டியல் போடும்போது அதையும் ஒரு வரியாக எழுதுங்கள். போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சங்கத்தின் சார்பில் நாம் செய்யக்கூடியது இருக்கிறது. வாசலில் நிற்கும் தண்ணீர் நம் வடிகால் மனுவோடு சேர வேண்டிய விஷயம். இன்று வரை நம் மனுவில் அந்தப் பள்ளியின் பெயர் இல்லை. மின்விசிறி நம் சங்கத்துக்குப் பெரிய செலவு இல்லை. ஓய்வு பெற்றவர்கள் பத்துப் பேர் இங்கே இருக்கிறோம். தலைமை ஆசிரியை சம்மதித்தால் வாரம் ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். நான் முதல் பெயரைக் கொடுக்கிறேன். பக்கத்தில் நல்ல பள்ளி இருந்தால் வீட்டு விலை கூடும் என்று எல்லோரும் சொல்கிறோம். இருக்கிற பள்ளியை நன்றாக்கினாலும் அதே பலன்தானே. விலையை விடுங்கள், நாளை இந்தத் தெருவில் ஒரு குழந்தை காலையில் 6.50-க்கு வேன் ஏறாமல் எட்டே முக்காலுக்கு நடந்து போனால் எனக்கு அது போதும்.

அந்தத் தம்பிக்கு என் பதில் இது. இருபத்தைந்து லட்சத்தை அந்தப் பள்ளிக்காக மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு சம்பளத்தில் ஒரு வருஷம் தாங்கும் வீடாகப் பாருங்கள். மூன்று நாலு பள்ளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில் ஒரு முறை அந்தச் சாலையில் போய்ப் பாருங்கள். அவசரம் இல்லை என்றால் பாப்பாவுக்கு நாலு வயது ஆகும் வரை வாடகையில் இருங்கள். என்ன முடிவு எடுத்தாலும், பாப்பா சாயங்காலம் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.



(உரைக்குப் பின், மழைநீர் வடிகால் மனுவில் பள்ளி வாசலையும் சேர்ப்பது என்று கூட்டம் முடிவு செய்தது. வாசிப்பு வகுப்புக்கு அன்று மாலையே ஆறு உறுப்பினர்கள் பெயர் கொடுத்தார்கள். மேலும் சேர விரும்புவோர் செயலாளரிடம் தெரிவிக்கவும்.)